படத்தில் இல்லாத நெளி

பிள்ளை,

எதிர்பாராமல் வந்த கடிதத்தைக் கண்டு நீ பயப்படுவாய் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்: வீட்டில் ஒருவருக்கும் சாவில்லை, நோயில்லை. ஆடு குட்டி கூடச் சுகமாகத்தான் நிற்கிறது. ஆனால் உன் அம்மா மத்தியானம் தொடக்கம் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த கேத்தில் கொதித்து வற்றிவிட்டது. நானாவது எழுந்துபோய் இறக்கினேனா என்றால் அதுவும் இல்லை. இருவருமாக அது வற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். உன் வருங்கால மாமி, மாப்பிள்ளையின் தாய், புங்குடுதீவிலிருந்து வந்து போன பிறகுதான் இப்படி. அவ சொல்லிப் போனதை உனக்கு அறிவிக்கத்தான் பேனையை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே அதை எழுதினால் கொழும்பில் நீயும் எங்களைப் போலக் கதிரையில் இருந்துவிடுவாய். கடைக்காரன் சாமானைக் காட்டாமல் விலை சொல்லமாட்டான். ஆகையால் சுற்றிவளைத்துத்தான் வரப்போகிறேன், பொறுத்துக்கொள்.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் நீ அதைக் கண்ணால் கண்டதில்லை. பதுளையில் எனக்கு ஒரு பான்சிக் கடை இருந்தது. தீவுப்பகுதி ஆண்கள் தெற்கே போய்க் கடை வைப்பதும், வருசப்பிறப்புக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்து முகம் காட்டுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அப்படித்தான். காப்பு, பொட்டு, றிபன், தலைமயிரில் பூட்டும் சிலைட், கொண்டை ஊசி, வெல்வெற் தலைப்பட்டி எல்லாம் விற்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் சிங்களப் பெண்பிள்ளைகள் வந்து கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். எந்தச் சிலைட் எந்த முகத்துக்கு எடுக்கும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். அவர்களும் நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள். எண்பத்துமூன்று ஆடியில் கடைக்கு நெருப்பு வைத்தபோது நான் பின்கதவால் ஓடினேன். மேசை லாச்சியில் இருந்த காசை எடுக்கவில்லை. பெட்டிக்குள் மாட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த சிலைட் மட்டையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அகதிகளை ஏற்றிய கப்பல் காங்கேசன்துறையில் வந்து நின்றபோதும் அது என் கக்கத்தில்தான் இருந்தது. "மனிசன் காசை விட்டிட்டு கிளிப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று அம்மா வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

நீ அப்போது இரட்டைப் பின்னல் போட்டு மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். வேறு கொடுக்க ஒன்றுமில்லாத தகப்பனாக அந்த மட்டையை உன்னிடம் நீட்டினேன். நீ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்கு அப்பா. ஆனா இதில ஒண்டும் என்ர தலையில நிக்காது" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் விற்ற சாமான் வீட்டில் நிற்காதாமே. "ஏன் நிக்காது, கொண்டா பாப்பம்" என்று நானே வாங்கிக் குத்தினேன். வண்ணத்துப்பூச்சி வடிவச் சிலைட் 'டப்' என்று தெறித்து அலுமாரிக்கு அடியில் போய் விழுந்தது. அழுத்தினால் மூடும் தகரக் கிளிப் மெதுமெதுவாக வழுகி உன் காதில் தொங்கியது. அன்றைக்குத்தான் உன் தலைமயிரை நான் அவிழ்ந்தபடி கண்டேன். காதுவரை ஒழுங்காக வந்து, அதற்குக் கீழே, கடல் வற்றிய மணலில் வரிவரியாகக் கிடக்குமே, அந்த மாதிரி நெளிநெளியாக இறங்கிக் கிடந்தது. வருசத்துக்கு இரண்டு தடவை வந்து போனவனுக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த நெளி என் பக்கத்தால் வந்தது என்று அம்மா குற்றம் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

கடையில்லாத கடைக்காரனுக்கு வேறென்ன வேலை. முற்றத்தில் இருந்து உன் தலையில்தான் நான் என் தொழிலைத் திரும்பப் படித்தேன். கனடாவுக்குப் போய்க் கடையில் நீ தனியாக நின்று வாங்கும்போது என்னை நினைத்துக்கொள், அதனால் எழுதுகிறேன். சிலைட் வாங்கினால் மேற்பக்கத்தின் வடிவைப் பார்க்காதே, திருப்பிப் பார். தட்டையானது நெளிமயிருக்குச் சரிவராது. முதுகு வளைந்து, உள்ளே இடம் விட்டு, பூட்டுகிற நாக்கு நீளமாக இருக்க வேண்டும். அதிலும் முழு மயிரையும் அள்ளிப் பூட்டாதே, மேற்படையை மட்டும் எடுத்துப் பூட்டு. பிளாஸ்ரிக் சாமான் என்றால் விளிம்பை முகம் துடைக்கும் கைலேஞ்சியில் ஒருமுறை இழுத்துப் பார். லேஞ்சியில் கொழுவினால் மயிரிலும் கொழுவும். நைலோன் றிபன் வழுகும், பருத்தித் துணி றிபன் பிடிக்கும், அதையும் பின்னலின் நடுவிலிருந்தே சேர்த்துப் பின்ன வேண்டும். றப்பர் பாண்ட் கிடைக்காத நாள்களில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டித் தந்தேன், அது மயிரை வேரோடு பிடுங்கியது. பிறகு அதைத் துணியால் சுற்றித் தைத்தோம், அது உன் பள்ளிக்கூடக் காலம் முழுக்க நின்றது. சீப்பு அகலப் பல்லாக இருக்கட்டும். ஈரம் காய முதல், நுனியில் தொடங்கி மேலே போ. காய்ந்த பிறகு வாரினால் நெளி கலைந்து பஞ்சாகிவிடும் என்பதை நீதான் எனக்குச் சொன்னாய்.

ஊசியைப் பற்றிச் சொன்னதும் நீதான். கறுப்புத் தலை ஊசிக்கு ஒரு கால் நேராகவும் மற்றக் கால் நெளிந்தும் இருக்கும். அந்த நெளிந்த கால் அழகுக்கு என்று நினைத்து, அது வெளியே தெரியும்படி குத்தச் சொல்லித்தான் இத்தனை வருசமும் விற்றேன். நீ அதைத் திருப்பி, நெளிந்த கால் தலையோடு ஒட்டும்படி குத்தி, இன்னொன்றைக் குறுக்காகப் போட்டாய். ஆட்டினாலும் அசையவில்லை. "நெளி இருக்கிறதாலதான் அப்பா இது பிடிக்குது" என்றாய். பதுளையில் எத்தனை பிள்ளைகளின் ஊசி பாதி வழியில் விழுந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் திகைப்பாக இருந்தது.

உன் சாதகம் கனடாவில் இருக்கும் புங்குடுதீவுப் பெடியனுக்குப் பொருந்தி வந்தபோது, அனுப்புவதற்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நெளியைப் பற்றி ஒரு பயம். "சுருட்டை முடி சோறு போடும் எண்டுதானே சொல்லுறவை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது கலியாணம் முடிஞ்ச வீட்டில. கலியாணம் பேசுற வீட்டில வாரியிழுத்த தலைதான் வேணும்" என்று முடித்துவிட்டாள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நல்லெண்ணெய் வைத்து, ஈரத் துணியால் இறுக்கக் கட்டி, வீட்டில் இருந்த ஊசி முழுவதையும் குத்தி, யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் உன்னை இருத்தினோம். படத்தில் உன் தலை சட்டி கவிழ்த்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. உன் முகம் தலையிடி வந்தவளின் முகம். அதை 'அடக்கமான பிள்ளை' என்று எல்லாரும் மெச்சினார்கள். படம் மிஞ்சிக் கிடந்ததால், "கிடக்கிற படத்தை விட்டிட்டு ஏன் இன்னொருக்கா எடுப்பான்" என்று அடையாள அட்டைக்கும் அதையே ஒட்டிக் கொடுத்தோம். எங்கள் ஆக்களின் சிக்கனம் உனக்குத் தெரியாததா. ஒரு படத்தில் கலியாணத்தையும் அரசாங்கத்தையும் சேர்த்து முடித்துவிட்டோம்.

அந்தச் சிக்கனம் ஆனையிறவில் எங்களைப் பிடித்தது. பாஸ்போட் வேலைக்காக உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அன்று நீ தலை முழுகியிருந்தாய். வள்ளத்தில் சோளகக் காற்றும் உப்புத் தூறலும், பிறகு பஸ் யன்னல் காற்றும் சேர்ந்து, சோதனைச் சாவடியில் இறங்கும்போது உன் தலைமயிர் தன் பாட்டுக்கு எழும்பி நின்றது. அட்டையை வாங்கிய ஆமிக்காரன் படத்தைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். "இது நீயில்லை. ஆருடைய அட்டை?" என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்தவரின் அட்டையில் பயணம் செய்கிறவர்களை என்ன செய்வார்கள் என்பது மட்டும் வந்தது. உன்னைப் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்கு விலகி நிற்கச் சொன்னான். பஸ் ஆக்கள் எல்லாரும் அட்டையைக் காட்டி முடித்து வரிசையில் நின்றபடி எங்களையே பார்த்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது, அதை மறைக்கவும் ஏலவில்லை.

நீ நடுங்கவில்லை. "அப்பா, தண்ணி வேணும் எண்டு கேளுங்கோ. படத்தில இருக்கிற மாதிரிச் செய்து காட்டுறன் எண்டு சொல்லுங்கோ" என்றாய். நான் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, சரி, செய் என்றான். அத்தனை பேருக்கு முன்னால் நீ தலையில் தண்ணீரை ஊற்றி, நடு உச்சி பிரித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வழித்தாய். கைப்பையில் இருந்த ஊசியெல்லாம் ஒரு பக்கத்துக்கே முடிந்துவிட்டது. மற்றப் பக்கம் எழும்பிக்கொண்டு நின்றது. அப்போது வரிசையில் நின்ற ரீச்சர் ஒருவர் தன் கொண்டையிலிருந்து ஊசியை இழுத்து நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் தன்னுடையதை எடுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எடுத்து எடுத்து முன்னுக்கு அனுப்பினார்கள். கொண்டைகள் அவிழ்ந்து தோளில் விழுந்தன. நீ ஒவ்வொன்றையும் நெளிந்த கால் உள்ளே இருக்கும்படி பார்த்துக் குறுக்குக் குறுக்காகக் குத்தினாய், கை ஒருமுறையும் பிழைக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து, அந்தத் தலையிடி முகத்தையும் வைத்துக் காட்டினாய். ஆமிக்காரன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் படத்தையும் உன்னையும் பார்த்தார்கள். அட்டையைத் திருப்பித் தந்து, என்னிடம், "வேறு படம் எடு" என்றான்.

பஸ் வெளிக்கிட்டதும் நீ ஊசிகளைக் கழற்றி, ஆள் ஆளாகத் திருப்பிக் கொடுத்தாய். எது எவருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. நீ என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "கோவிக்காதையுங்கோ அப்பா. கனடாவுக்கு நான் வேற படம் அனுப்பிப்போட்டன்" என்றாய். அம்மன் தேரன்று சித்தப்பாவின் மகன் எடுத்த படமாம். முழுகிவிட்டு மயிரை விரித்தபடி நின்ற படமாம். "என்ன பதில் வந்தது?" என்று கேட்டேன். "ஒண்டும் வரேல்லை" என்றாய். மெய்யாகச் சொல்லுகிறேன், ஆமிக்காரன் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. சொல் கொடுத்தாகிவிட்டது, ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. படத்தைப் பார்த்து வேண்டாம் என்றார்கள் என்று ஒரு பேச்சு வந்தால் அது உன்னோடு ஒட்டிக்கொண்டு இந்தத் தீவு முழுக்கத் திரியும். "ஏன் பிள்ளை எங்களிட்டைக் கேளாமல் செய்தனி?" என்றேன். "ஊசி குத்திக்கொண்டு எத்தினை வருசம் அப்பா நித்திரை கொள்ளுறது?" என்று திருப்பிக் கேட்டாய். ஆகையால்தான் கொழும்பில் இறங்கிய கையோடு உன்னை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய், படக்காரன் சீப்பை நீட்ட நீட்டத் தடுத்து, பாஸ்போட்டுக்கு உன் தலை உள்ளபடியே படம் எடுப்பித்தேன். அதை நீ எனக்குத் தெம்பு வந்ததாக நினைத்திருப்பாய். அது பயம். அதே சோதனை விமானநிலையத்திலும் வரும் என்ற பயம்.

உன்னைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னபோது அம்மா வாயில் கை வைத்தவள்தான். அன்றிலிருந்து தபால்காரனின் மணி கேட்டாலே இருவரும் வாசல் படலைக்கு ஓடுவோம். இன்றைக்கு மத்தியானம் படலையில் நின்றது தபால்காரன் அல்ல, உன் மாமி. குடை கூட இல்லாமல், வேர்த்து விறுவிறுத்து, குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளம் பிடித்து வந்திருக்கிறா. வேண்டாம் என்று சொல்லத்தான் நேரில் வந்திருக்கிறா என்று நினைத்துவிட்டேன். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த அம்மாவிடம், தேத்தண்ணி வேண்டாம் என்றா. "அண்ணை, நாங்கள் உங்களுக்கு ஒரு பிழை செய்துபோட்டம்" என்று தொடங்கினா. அவ முடிக்க முதல் அம்மா, "நாங்களும்தான் செய்தனாங்கள், பிள்ளையின்ர தலைமயிரை எண்ணெய் வைச்சு மடக்கி" என்று கொட்டிவிட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாமி கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் தந்தா.

பிள்ளை, இனிச் சாமானைக் காட்டுகிறேன். அந்தப் படத்தில் இருப்பவர் உன் மாப்பிள்ளைதான். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் அவரேதான். ஆனால் எங்களுக்கு முதலில் வந்த படத்தில் நெற்றியில் சுருண்டு விழுந்ததே ஒரு கற்றை, அதைக் காணவில்லை. அது மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருந்ததையும் காணவில்லை. நெற்றி உச்சிவரை போய்விட்டது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் காவலுக்கு நிற்கிறது, அவ்வளவுதான். "உங்களுக்குத் தந்தது அவன் இஞ்சை இருக்கேக்க எடுத்த படம் அண்ணை. அங்கத்தைக் குளிரோ தண்ணியோ தெரியேல்லை, போன பிறகு எல்லாம் கொட்டுண்டு போச்சு. சொன்னால் தரமாட்டியள் எண்டு நான்தான் பழைய படத்தைத் தந்தனான்" என்று சொல்லி அழுதா. நீ அனுப்பிய அந்தத் தேர்ப்படம் கிடைத்த அன்றே அவர் போய் இந்தப் படத்தை எடுத்து, ஊருக்கு வருகிற ஒரு ஆளிடம் தாய்க்குக் கொடுத்து விட்டிருக்கிறார். "அந்தப் பிள்ளை ஒளிக்கேல்லை அம்மா, நாங்கள்தான் ஒளிச்சனாங்கள். கொண்டுபோய்க் காட்டுங்கோ. வேண்டாம் எண்டால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் எதற்குப் பயந்து இருந்தோமோ, அதே பயத்தோடு அவ எங்கள் முற்றத்தில் நின்றா.

"பிள்ளையைக் கேட்டுத்தான் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லி வள்ளத்துறைவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் உன் அம்மா நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கோலத்தில் இருந்தாள். நானும் பக்கத்தில் குந்திவிட்டேன். "சுருட்டை முடி சோறு போடும் எண்டு சொல்லுவை. முடியே இல்லாட்டி என்ன செய்யும் எண்டு ஒருத்தரும் சொல்லி வைக்கேல்லையே" என்றாள். கேலியா கவலையா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

படத்தை இதனோடு வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஆறுதலாகப் பார். நாங்கள் உனக்காக ஓம் என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம். உன் தலையை மடக்கியது போதும், மனதையும் மடக்க ஏலாது. வேண்டாம் என்று பட்டால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடு. ஊர் கதைக்கும்தான், கதைத்துவிட்டுப் போகட்டும். ஆனையிறவில் பாஸ்போட்டைக் காட்டு, இந்த முறை படமும் தலையும் ஒன்றாகவே இருக்கும். உன் அப்பன் இரண்டாம் தரமும் கால் நடுங்க மாட்டான் என்று சொல்லமாட்டேன், ஆனால் சிங்களம் பேச மறக்கமாட்டான்.

ஓம் என்று பட்டால், ஒன்றை மறக்காதே. அங்கே போய் இறங்கும்போது கூட்டமாக இருக்கும். கனகாலம் பார்த்துப் பழகிய அந்தப் பழைய படத்தை மனதில் வைத்துக்கொண்டு தலைமயிர் உள்ள ஒருவரை நீ தேடினால், முன்னால் நிற்கிறவரைத் தாண்டிப் போய்விடுவாய். நெற்றியைத் தேடு. நீயும் விமானத்தை விட்டு இறங்க முதல் தலையில் உள்ள ஊசியெல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடு. அவர் உன் நெளியைத்தான் தேடிக்கொண்டு நிற்பார்.

அப்பா